இடையில் நின்ற மூன்று ஆண்டுகள்

மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது இறுதியாண்டின் தொடக்கத்தில். விண்ணப்பித்தேன், இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஈராண்டு ஆய்வுப் பட்டத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று விடுதி நண்பர்களுக்கெல்லாம் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த கட்டண விவரத்தை மட்டும் யாரிடமும் காட்டவில்லை.

நான் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தார். அக்கா ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் தம் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த நகைகளை அடகு வைத்தால், முதலாண்டுக் கட்டணத்துக்கும் விமானச் சீட்டுக்கும் பணம் வந்துவிடும். இரண்டாமாண்டுக்கு? போய்ச் சேர்ந்தால் ஏதாவது வழி பிறக்கும் என்பதுதான் என் திட்டம். அக்காவிடம் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில் நம் கழகத்தில் ஒரு கூட்டம். கல்வியால் உயர்ந்த ஒருவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருந்தார்கள். நான் யோசிக்காமல் டாக்டர் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்தேன். வெளிநாடு போகத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அமெரிக்காவில் ஒன்று, லண்டனில் ஒன்று என இரண்டு முனைவர் பட்டங்கள், அதன்மேல் பாரிஸ்டர். பட்டங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு வரலாம் என்றுதான் நூலகத்துக்குப் போனேன். ஆண்டுகளை வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தபோது ஓர் இடத்தில் கணக்கு இடித்தது. லண்டனில் அவர் படிக்கச் சேர்ந்தது 1916இல். முதுநிலைப் பட்டம் பெற்றதோ 1921இல். நடுவில் என்ன நடந்தது? அந்தக் கேள்விதான் என்னை அன்று நூலகம் மூடும்வரை உட்கார வைத்தது.

பீமராவ் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் இராணுவ முகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால், பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். பீமராவ் பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. மகார் சாதியில் பிறந்ததால் பள்ளியில் அவர் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டு வந்த சாக்கை விரித்துத் தனியே உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். சேவகர் வராத நாளில் தண்ணீரும் இல்லை.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருந்தது. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். தொடர்ந்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தார். 1912இல் இளங்கலைப் பட்டம் கிடைத்தது. 1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாள்களிலேயே தந்தைக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்து பம்பாய்க்குத் திரும்பினார். பிப்ரவரி 2ஆம் நாள் தந்தை காலமானார்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு சில மாதங்களில்தான் வெளிநாட்டு வாய்ப்பு வந்தது. பரோடா அரசு மாணவர் சிலரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிவு செய்தது. மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகளுக்கு. படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும். 1913 சூன் 4ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சூலையில் நியூயார்க்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 22. வீட்டில் மனைவி ரமாபாயும் பிறந்து சில மாதங்களே ஆன மகன் யஷ்வந்தும் இருந்தார்கள்.

நியூயார்க்கில் முதல் சில மாதங்கள் அவரும் நம்மைப் போன்ற மாணவராகத்தான் இருந்திருக்கிறார். விடுதி உணவு பிடிக்கவில்லை. தங்கும் இடத்தை மாற்றிக்கொண்டார். ஊர் சுற்றினார். பிறகுதான், யாருடைய பணத்தில் எதற்காக வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் நூலகமே வீடானது. பொருளியலில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார்; வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் ஆகியவை அதற்கு மேல். எட்வின் செலிக்மன், ஜான் டூயி போன்ற பேராசிரியர்களிடம் படித்தார். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதம் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். அதே ஆண்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் முடித்தார்.

இத்தனைக்கும் நடுவே, கிடைத்த உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். சாப்பாட்டைக் குறைத்தார். குறைக்காத செலவு ஒன்றே ஒன்று: பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்கள். ஏறக்குறைய 2,000 நூல்கள் சேர்ந்தனவாம். விடுதியில் உடன் தங்கிய பார்சி இளைஞர் நவல் பத்தேனா வாழ்நாள் நண்பரானார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

1916இல் அவர் லண்டனுக்குச் சென்றார். சட்டம் படிக்கக் கிரேஸ் இன்னிலும், பொருளியலுக்கு லண்டன் பொருளியல் பள்ளியிலும் சேர்ந்தார். ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்த உபகாரச் சம்பளத்தைப் பரோடா மேலும் ஓராண்டு நீட்டித்திருந்தது. 1917இல் அந்த ஓராண்டும் முடிந்தது. மேற்கொண்டு நீட்டிக்கப்படவில்லை. பரோடா அவரைப் பணிக்குத் திரும்ப அழைத்தது. படிப்பு பாதியில் நின்றது.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்த இடம் இதுதான். இரண்டாமாண்டுக்குப் பணமில்லாமல் வெளிநாட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் ஊர் திரும்பும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கேனனின் துணையால், 1917 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றார். கையில் பணமில்லை. திரும்பி வர வழி இருக்குமா என்பதும் தெரியாது. ஆயினும் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை.

அது முதல் உலகப் போர்க்காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார்; அவருடைய பெட்டிகளும் புத்தகங்களும் இன்னொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை டார்பிடோ தாக்கி மூழ்கடித்தது. பட்டினி கிடந்து வாங்கிய நூல்கள் கடலுக்குள் போயின. இழந்த பொருள்களுக்குக் கிடைத்த ஈட்டுத் தொகையைத்தான் பரோடா போகும் வழிச்செலவுக்கு அவர் பயன்படுத்தினார்.

பரோடாவில் மன்னரின் இராணுவச் செயலாளர் பதவி. ஆனால் தங்க ஓர் அறை இல்லை. இந்து விடுதிகள் அவரை ஏற்கமாட்டா என்பது அவருக்குத் தெரியும். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து மாடிப்படி ஏறினார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கத்தினார்கள். மாலைக்குள் காலி செய்யாவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அவர் இரண்டு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்துவர். இருவரும் தத்தம் வீட்டு நிலைமையைச் சொல்லிக் கைவிரித்தார்கள். பம்பாய் இரயில் இரவு 9 மணிக்கு. அதுவரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே தம் மனத்திலிருந்து அழிந்து போயிருந்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். கொலம்பியாவில் படித்ததெல்லாம் பரோடாவில் அவருக்கு ஒரு கூரையைக்கூடத் தரவில்லை. பட்டம் மட்டுமே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று மேடையில் பேச நான் எழுதி வைத்திருந்த வரியை அன்றே அடித்துவிட்டேன்.

பம்பாய் திரும்பியவர் பிழைப்புக்கு என்னவெல்லாமோ செய்தார். மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குச் சந்தை பற்றி ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்க் கூசாவை அவர் தொடுவதற்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருடைய வகுப்புகளுக்கோ மற்ற கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

சம்பளம் வந்ததும் வாழ்க்கையை வசதியாக்கிக்கொள்ளவில்லை. குடும்பம் பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டுச் செலவுக்கு ரமாபாயிடம் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியை லண்டனுக்காகச் சேர்த்தார். அந்த இடைவெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1919இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின் முன் ஒடுக்கப்பட்டோருக்காகச் சாட்சியம் அளித்தார். 1920 சனவரியில் கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜின் உதவியோடு 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். பேச முடியாதவர்களின் தலைவன் என்பது அந்தப் பெயரின் பொருள்.

1920 மார்ச்சில் வேலையை விட்டார். கையில் சேமிப்பு இருந்தது. ஷாகு மகராஜ் உதவினார். நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். சூலையில் கப்பல் ஏறினார். பெற்று வந்திருந்த நான்கு ஆண்டு அனுமதியில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

லண்டனில் இரண்டாம் முறை அவர் வாழ்ந்த வாழ்க்கையை வசதியான பிள்ளைகளால் கற்பனை செய்ய முடியாது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பைப் பானம். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். நூலகம் மூடும்வரை எழுந்திருக்க மாட்டார். மதிய உணவுக்குப் பணமில்லை. இரவு பசி தாங்காமல் போனால் தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு மறுபடி படிக்க உட்காருவார். 1921இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1922இல் பாரிஸ்டரானார். அந்த ஆண்டு அக்டோபரில், இந்திய ரூபாயின் சிக்கல் பற்றிய தம் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்.

அங்கேயும் ஒரு தடை. ஆங்கிலேய அரசின் நாணயக் கொள்கையை அவர் கடுமையாகச் சாடியிருந்தார். ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். பணம் மீண்டும் தீர்ந்து போயிருந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தபடியே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை, சொன்ன விதத்தைத்தான் சற்று மாற்றினார். அந்த ஆண்டின் இறுதியில் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. ஆய்வேடு நூலாகவும் வந்தது. கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். 1916இல் முடித்த கொலம்பியா ஆய்வின் முனைவர் பட்டமோ, நூலை அச்சிட்டுக் கொடுத்த பிறகு 1927இல்தான் முறைப்படி கைக்கு வந்தது. 1913இல் கப்பலேறியவர் கணக்கை முடிக்க 14 ஆண்டுகள் ஆயின.

அதன்பின் நடந்தவை உங்களுக்குத் தெரியும். 1927இல் மகாத் குளத்தில் தண்ணீருக்கான போராட்டம். லண்டன் வட்டமேசை மாநாடுகள். 1947இல் சட்ட அமைச்சர், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர். 1956 அக்டோபரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியது. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைவு. 1952இல் கொலம்பியா அவரை அழைத்துக் கௌரவப் பட்டம் வழங்கியது. நான் சொல்ல விரும்புவது அதைவிடச் சிறிய செய்தி. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அவர் வாதாடிப் பெற்றார். அந்தப் பணத்தில் சிலர் வெளிநாட்டுக்கும் படிக்கச் சென்றார்கள். 1946இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. தாம் ஏறி வந்த ஏணியைப் பின்னால் வருவோருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலில் போன புத்தகங்களையும் அவர் மறக்கவில்லை போலும். தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம் என்னும் வீட்டைப் புத்தகங்களுக்காகவே கட்டினார் என்று சொல்லலாம்.

இவ்வளவையும் படித்த பிறகும் என் மனம் போய் நின்றது ரமாபாயிடம்தான். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கணவர் நியூயார்க்கில் படித்தபோதும், லண்டனில் படித்தபோதும், பம்பாயில் அந்த ஏழைக் குடியிருப்பில் வீட்டைத் தாங்கியவர் அவர். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்தார். யஷ்வந்த் ஒருவரே மிஞ்சினார். நலிந்த உடலோடு வாழ்ந்து 1935 மே 27ஆம் நாள் மறைந்தார். பாகிஸ்தான் பற்றி 1940இல் எழுதிய நூலை அம்பேத்கர் அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். கணவரின் படிப்புக்குச் சரி என்று சொன்னபோது அந்த அம்மையாருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? என் அக்காவுக்கு நான் எவ்வளவு சொல்லியிருக்கிறேன்?

அந்த வாரக் கடைசியில் பேருந்து ஏறி வீட்டுக்குப் போனேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அக்காவின் முன் வைத்தேன். முதலாண்டுக்கு எவ்வளவு, இரண்டாமாண்டுக்கு எவ்வளவு, அவருடைய நகை எதுவரை போகும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டாமாண்டுக்கு வழியில்லை என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமக்கு முன்பே தெரியும் என்றார். நான் வருத்தப்படுவேன் என்றுதான் கேட்கவில்லையாம்.

மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சேரும் நாளை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, அதை எழுத்துமூலம் உறுதி செய்வீர்களா என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்துச் சம்மதம் வந்தது. அந்த ஓராண்டில் பகலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை, மாலையில் எஸ்பிஎம் மாணவர்களுக்கு டியூஷன். ஐந்து உபகாரச் சம்பளங்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கு கைவிட்டன, ஒன்று பாதிக் கட்டணத்தை ஏற்றது. அக்காவின் நகைகள் அடகுக் கடைக்குப் போகவில்லை. அவற்றை அணிந்துகொண்டுதான் அவர் மணவறையில் உட்கார்ந்தார். அந்தத் திருமணம் முடிந்து நாற்பது நாளில் நான் விமானம் ஏறினேன்.

அம்பேத்கரின் வாழ்வோடு என் வாழ்வை ஒப்பிடும் துணிச்சல் எனக்கில்லை. என்னை யாரும் தடியோடு துரத்தவில்லை. நான் அப்பளம் தின்று ஆய்வு செய்யவும் இல்லை. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒரு சின்ன நடைமுறைப் பாடம். பணம் பாதியில் நிற்கலாம், திட்டம் முறியலாம். அப்போது திரும்பி வருவதற்கான வழியைக் கையோடு எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு அந்த வழியை மறக்காமல் உழைக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் இந்த ஆண்டும் விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்று இரவெல்லாம் பேசுவீர்கள். அத்தோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் பேசுங்கள். கடைசி ஆண்டுவரை கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? அந்தக் கணக்கை, உங்களுக்காக விட்டுக்கொடுக்கப் போகிறவரிடம் முழுதாகக் காட்டினீர்களா? ஓராண்டு தாமதமாகப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரே மூன்றாண்டுகள் காத்திருந்துதான் திரும்பப் போனார்.

அன்றைய கூட்டத்தில் நான் பட்டங்களின் பட்டியலை வாசிக்கவில்லை. 1917 முதல் 1920 வரை நடந்ததை மட்டுமே பேசினேன். பத்து நிமிடம் போதவில்லை. விட்டுப்போனதை இப்போது இங்கே எழுதிவிட்டேன்.